காற்றுக்கு ஒரு கட்டம்

அந்த ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பிரிவில், ஓய்வறை என்று ஓர் அறை உண்டு. ஆறு கட்டில்கள், ஆறு திரைகள், நடுவில் ஒரு மர ஸ்டூல். பரிசோதனை முடிந்து, மயக்கம் முழுதாகத் தெளியாமல் வருகிறவர்களை அங்கேதான் தள்ளிக்கொண்டு வந்து படுக்கவைப்பார்கள். நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எல்லாம் நர்ஸ்களின் பொறுப்பு. ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு ஒரே ஒரு பொறுப்புதான். படுத்திருக்கிறவருக்குக் காற்றுப் பிரிந்ததா என்று பார்த்து, பதிவேட்டில் அதற்கென்று இருக்கும் கட்டத்தில் ஒரு டிக் போடவேண்டும். அந்த டிக் விழாமல் மந்திரியே ஆனாலும் வீட்டுக்குப் போக முடியாது.

சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள். இருபத்தோரு வருஷமாக இந்தச் சிரிப்பைப் பார்த்துப் பழகியவள் அவள். ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குக் காத்து அக்கா என்றுதான் பெயர். லிஃப்ட் ஓட்டுகிறவர் அவளைப் பார்த்தால் மூக்கைப் பொத்துவதுபோல் நடிப்பார். "உங்க வயித்தையும் ஒருநாள் எங்கிட்டதான் கொண்டு வருவீங்க, அப்ப பாத்துக்கறேன்" என்பாள் அக்கா. ஒருநாள் அவரும் வந்தார். அன்றோடு நடிப்பு நின்றது.

விஷயம் சிரிப்புக்குரியதே அல்ல. குடல் என்பது சுருங்கிக் கிடக்கும் பை. அதற்குள் எதையாவது பார்க்கவேண்டுமென்றால் காற்றடித்து விரித்தாகவேண்டும். உள்ளே போன காற்று நல்லபடியாக வெளியே வந்தால், குடல் தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். வராமல் வயிறு உப்பிக்கொண்டே போனால், எங்கோ பொத்தல் விழுந்து காற்று குடலைத் தாண்டிக் கசிகிறதோ என்று சந்தேகப்படவேண்டும். எத்தனையோ நூறு பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆகும். அந்த ஒருவர் யார் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது.

அந்தக் கட்டம் பதிவேட்டில் வந்ததற்கும் ஒரு கதை உண்டு. அக்கா அப்போது துணி வெளுக்கும் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. வீடுகளுக்கு வண்ணமடிக்கிற ஒருவர், கையில் நீல வண்ணம் காயாமல் வந்து பரிசோதனை செய்துகொண்டார். "காத்துப் போச்சா?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் அப்பவே போச்சு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் ஏணியிலிருந்து இறக்கித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயிறு பலகைபோல் இருந்தது. அறுவை செய்து, மூன்று மாதம் மலம் இறங்க இடுப்பில் பை கட்டிக்கொண்டு நடந்தார் மனுஷன். உயிர் பிழைத்தது அவர் செய்த புண்ணியம். அதன்பிறகு பெரிய டாக்டர் பதிவேட்டில் புதிதாக ஒரு கோடு கிழித்து, கட்டம் போட்டு, "இது உங்க கட்டம். வாய் சொல்றத நம்பாதீங்க" என்று அக்காவிடம் பேனாவைக் கொடுத்தார்.

வாய் சொல்வதை ஏன் நம்பக்கூடாது என்றால், உலகத்தில் இந்த ஒரு விஷயத்தில் உண்மை பேசுகிறவர்கள் ரொம்பக் குறைவு. ஆண்களுக்கு வீட்டுக்குப் போகவேண்டும் என்ற அவசரம். போகாததைப் போனதாகச் சொல்வார்கள். பெண்களுக்கு வெட்கம், பக்கத்துக் கட்டில் அதிரும்படி போனாலும், "சேச்சே, இல்லையே" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். அதனால் அக்கா கேள்வியே கேட்பதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, துவைத்துவந்த துண்டுகளை மடித்துக்கொண்டிருப்பாள். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்தால்தான் மனுஷ உடம்பு தளரும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இடது பக்கம் சாஞ்சு படுங்க, முழங்கால மேல இழுத்துக்கங்க" என்பாள். அதற்கும் மசியவில்லையென்றால் கைத்தாங்கலாக நடக்கவிடுவாள். சத்தம் வந்ததும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். பேனாவை எடுப்பாள், அவ்வளவுதான்.

வீட்டிலோ அந்தக் காதுக்கு வேலை கிடையாது. அவள் புருஷன் அச்சகத்தில் மிஷினோடு மிஷினாக முப்பது வருஷம் இருந்தவர். இடது காது முற்றிலும் போய், வலது காது எப்போதாவது கேட்கும். "நமக்கு மொத்தம் ரெண்டரக் காது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இனி சம்பந்தியம்மாள்.

அக்காவின் ஒரே மகளைக் கட்டிக்கொண்ட பையனின் அம்மா. முப்பத்தொரு வருஷம் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். நூலகத்தில் அந்த அம்மாள் தலையை நிமிர்த்தினாலே, இருமல் வந்தவர்கள் வெளியே ஓடிப்போய் இருமிவிட்டு வருவார்களாம். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை. வீட்டில் கதவு சாத்தினால் ஓசை வராது. தட்டு வைத்தால் ஓசை வராது. கல்யாணமான புதிதில் மகள் போனில் கிசுகிசுத்தாள்: "அம்மா, இந்த வீட்ல தும்மறதுக்குக்கூட ரெண்டு தடவ யோசிக்கவேண்டி இருக்கு."

கெட்டவர் அல்ல. மருமகளை ஒரு வார்த்தை கடிந்து பேசியவர் இல்லை. ஆனால் அக்காவின் வேலை மட்டும் அவருக்கு ஆறாத சங்கடம். ஒரு கல்யாண வீட்டில் யாரோ கேட்டதற்கு, "எங்க சம்பந்தி ஆஸ்பத்திரி நிர்வாகத்துல இருக்காங்க" என்று அவர் சொன்னதை அக்கா பின்னாலிருந்து கேட்டாள். நிர்வாகம்! இரண்டு நாள் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரித்தாள். மூன்றாம் நாள் சிரிப்பு வரவில்லை. மகள் வாழ்கிற இடம், போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அப்பேர்ப்பட்ட அம்மாளுக்கு மலத்தில் ரத்தம் தெரிந்தது. மருமகளிடம் சொல்ல ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். குழாய் விட்டுப் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதும், வேறு ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று மகனிடம் கேட்டார். பக்கத்தில் இல்லை. வேறு வழியில்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முந்தின நாளெல்லாம் பட்டினி கிடந்து, பேதிக்குக் கொடுத்த உப்புத் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, மூன்றாம் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார்.

குடலின் வலது பக்கத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு சதை வளர்ச்சி இருந்தது. டாக்டர் கம்பிச் சுருக்கை அதன் கழுத்தில் மாட்டி, சூடு கொடுத்து அறுத்து எடுத்தார். "ரிப்போர்ட் வரட்டும், பாத்தா நல்ல கட்டி மாதிரிதான் இருக்கு" என்றார். அக்காவுக்குப் பாதி பாரம் இறங்கியது. மீதிப் பாரம் திரைக்குப் பின்னால் கண்விழித்துக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். நூலகர் அம்மாள் மெல்லக் கண்ணைத் திறந்தார். ஸ்டூலில் அக்கா. கையில் துண்டு. பக்கத்தில் பதிவேடு. அந்த அம்மாளுக்கு எல்லாம் தெரியும். மருமகள் மூலமாக அந்தக் கட்டத்தைப் பற்றியும் தெரியும். முகம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

அக்காவுக்கோ, யாரிடமும் வராத கூச்சம் அன்றைக்கு வந்தது. சம்பந்தி என்றால் சபையில் எதிரெதிரே உட்காரவேண்டிய உறவு. அவருடைய உடம்பின் ஓசைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது? இருபத்தோரு வருஷத்தில் முதல்முறையாக, வேலை நேரத்தில் அக்கா அந்த ஸ்டூலை விட்டு எழுந்து தாழ்வாரத்தில் போய் நின்றுகொண்டாள். பெரிய மரியாதை செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

கால் மணி நேரம் கழித்து உள்ளே வந்தாள்.

"சம்பந்தி, இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"வயிறு லேசாயிடுச்சா?"

"ம்."

அந்த ஒற்றை எழுத்தை நம்பி அக்கா டிக் போட்டாள். கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டு, நம்பக்கூடாது என்று தெரிந்த பதிலை நம்பி, தான் காவல் காத்த கட்டத்திலேயே பொய்யை எழுதினாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனைக்குச் சறுக்கினால் ஆனைக்குத்தான் அடி. இங்கே சறுக்கியவள் ஒருத்தி, அடி விழ இருந்தது இன்னொருவருக்கு.

எழுந்து உட்காரும்போது அம்மாள் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். "தலையணை சரியில்ல போலிருக்கு. தோள் புடிச்சுக்கிச்சு."

"வெந்நீர் ஒத்தடம் குடுங்க சம்பந்தி, சரியாயிடும்" என்றாள் அக்கா. மணி பன்னிரண்டு ஆவதற்குள் மகன் வந்து அம்மாவைக் காரில் அழைத்துப் போய்விட்டான்.

அரைமணி நேரம் கழித்து மூன்றாம் கட்டிலுக்கு ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். நல்ல வாயாடி. மயக்கம் தெளிந்ததும் தலையணையைத் தட்டிப் பார்த்து, "என்னக்கா, ஆஸ்பத்திரித் தலையணைன்னா செங்கல் மாதிரி இருக்கும்னு நெனச்சேன். இது எங்க வீட்டவிட நல்லா இருக்கே" என்றார்.

"நேத்துதான் புதுசு வந்துச்சு" என்றாள் அக்கா. சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

தலையணை புதிது. பஞ்சு புதிது. நேற்றிலிருந்து வந்தவர்களெல்லாம் புகழ்ந்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். தலையணை நன்றாக இருக்கிறது என்றால், தோள் ஏன் பிடித்தது? குடலுக்கு வெளியே கசிந்த காற்று, ஆள் எழுந்து உட்கார்ந்ததும் மேலேறி, நெஞ்சுக்குக் கீழே இருக்கும் தடுப்புத் தசையை முட்டும். முட்டுவது அங்கே, வலிப்பது தோளில். வண்ணமடிக்கிறவர் விஷயத்திலும் முதலில் வலித்தது தோள்தான். ஏணி தூக்கியதால் வலி என்று அவர் நினைத்திருக்கிறார். பெரிய டாக்டர் அன்றைக்கு நர்ஸ்களை நிற்கவைத்துச் சொன்ன பாடத்தை, கதவோரம் நின்று அக்காவும் கேட்டிருந்தாள்.

அவள் பதிவேட்டைத் திருப்பினாள். மூன்றாம் கட்டில், பதினொன்றரை மணி, டிக். தன் கையெழுத்து. உடனே தோன்றிய இன்னொன்று அதைவிட மோசம். முந்தின நாளிலிருந்து பட்டினி கிடந்த மனுஷி, வீட்டுக்குப் போனதும் முதலில் என்ன செய்வார்? சாப்பிட உட்காருவார். பேதி மருந்து குடித்துக் குடல் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருக்கும்வரை கசிவது வெறும் காற்று. சாப்பிட்டு, குடல் வேலை செய்ய ஆரம்பித்தால் கசிவது விஷம். அக்கா மகளுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, இப்பதான் அத்தை சாப்பிட உக்காந்தாங்க. அப்புறம் கூப்பிடட்டுமா?"

"வாயில வெச்சாங்களா?"

"எத?"

"சோறு, சோறு. ஒரு வாய் உள்ள போச்சா?"

"இல்லம்மா, பெசஞ்சிட்டு இருக்காங்க."

"தட்ட எடு."

"என்னம்மா சொல்ற?"

"அவங்க முன்னாலேர்ந்து தட்ட எடுத்துக் கைக்கு எட்டாத எடத்துல வை. இப்பவே. காரணம் அப்புறம் சொல்றேன்."

சாப்பிட உட்கார்ந்த மாமியார் முன்னாலிருந்து தட்டைப் பிடுங்குவது என்பது எந்த மருமகளும் கனவில்கூடச் செய்யத் துணியாத காரியம். மகள் செய்தாள். எடுத்துக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். பிசைந்த கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு அத்தை பார்த்த பார்வையில் பாதி உயிர் போய்விட்டது என்று பிற்பாடு சொன்னாள்.

"போன அவங்க காதுல வை" என்றாள் அக்கா. "சம்பந்தி, நான்தான் பேசறேன். ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். காலைல உங்களுக்குக் காத்துப் போச்சா?"

"நீங்கதான் டிக் போட்டுட்டீங்களே." எந்தப் பதிவேட்டிலும் பொய் எழுதியறியாத அம்மாள், பதிவேட்டையே சாட்சிக்கு இழுத்தார்.

"அது பொய் டிக் சம்பந்தி. நான் எதையும் காதால கேக்கல. உங்க முகத்தப் பாத்துக் கூச்சப்பட்டு வெளியில போய் நின்னுட்டேன். தப்பு என்னோடது. இப்ப நீங்க கூச்சப்பட்டா ரெண்டு பேரும் சேந்து உங்க உயிரோட வெளையாடறோம். உண்மையச் சொல்லுங்க."

அந்த வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஓடுவது போனில் கேட்டது.

"போகல" என்றார் நூலகர் அம்மாள்.

"தோள்?"

"ஏறிட்டே போகுது. மூச்சு இழுத்தா குத்துது. இடுப்புத் துணிய ரெண்டு தடவ தளத்திட்டேன்."

"தண்ணி?"

"அர டம்ளர்."

"இதுக்கு மேல ஒரு சொட்டு வேணாம். அப்படியே கார்ல ஏறுங்க. நான் வாசல்ல நிக்கறேன்."

போனை வைத்ததும் அக்கா நேரே குழாய் கழுவும் அறைக்குப் போனாள். அடுத்த கேஸுக்கு முன்னால் டாக்டர் அங்கே நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். கோபக்காரர். குழாயை ஓர் அங்குலம் தவறாக மாட்டினாலே கூரை பறக்கும். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"டாக்டர், மூணாம் கட்டில் அம்மாவுக்குக் காத்துப் போகல. நான் பொய்யா டிக் போட்டேன். தோள்ல வலி, மூச்சு இழுத்தா குத்துதாம். சோறு உள்ள போகல, அர டம்ளர் தண்ணி மட்டும்தான். வரச் சொல்லிட்டேன்."

டாக்டர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"எந்திரிச்சு உக்காரும்போதே சொன்னாங்க. தலையணைன்னு விட்டுட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். வேலை போயிற்று என்றே அக்கா நினைத்தாள். போனால் போகட்டும், அந்த அம்மாள் பிழைக்கட்டும் என்றும் நினைத்தாள், மனசார நினைத்தாள்.

"திட்டறதுக்கு அப்புறமா நேரம் இருக்கு" என்றார் டாக்டர். "அடுத்த கேஸ நிறுத்துங்க. எக்ஸ்ரேக்குச் சொல்லுங்க. சர்ஜன மேல வரச் சொல்லுங்க."

ஒன்றரை மணிக்குக் கார் வந்தது. அம்மாளை நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். வலது பக்கம், ஈரலுக்கு மேலே, நகக்கீற்று அளவுக்குக் கறுப்பாக ஒரு கோடு. அதுதான் காற்று. இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும் காற்று.

"பொத்தல்தான்" என்றார் டாக்டர், மகனிடம். "சூடு கொஞ்சம் ஆழமா எறங்கியிருக்கு. அந்தப் பக்கம் குடலோட சுவர் வெங்காயத் தோல் மாதிரி. சீக்கிரம் வந்துட்டீங்க, குடல் சுத்தமா இருக்கு. வயித்தத் தொறக்காம, அதே வழியா உள்ள போய் கிளிப் போட்டு மூடப் பாக்கறேன். முடியலன்னா சர்ஜன் தயாரா நிப்பாரு."

மகன் தலையை மட்டும் ஆட்டினான்.

கதவு மூடுவதற்கு முன் நூலகர் அம்மாள் அக்காவைத் தேடினார். அவரும் பயந்திருந்தார், முப்பத்தொரு வருஷ அதிகாரமெல்லாம் வடிந்து, சின்னப் பெண்ணின் கண்போல் இருந்தது கண். அக்கா கிட்டே போய்க் கையைப் பிடித்தாள். "இங்கதான் இருக்கேன்" என்றாள்.

பிறகு ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். துண்டுகளை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். கண்டக்டர் கிளம்பும்போது, "நல்லதே நடக்கும்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். தலையணையைப் பற்றி அவர் வாயைத் திறந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபடி அக்கா அடுத்த துண்டை எடுத்தாள்.

உள்ளே இந்தமுறை சாதாரணக் காற்று இல்லை. உடம்பே சீக்கிரம் உறிஞ்சிக்கொள்ளும் கரியமில வாயுவை விட்டார்கள். பொத்தல் ஒரு மிளகு அளவுதான். பல் வைத்த சின்னக் கிளிப்புகளைக் குழாய் வழியாக ஒவ்வொன்றாக அனுப்பி, இரண்டு ஓரத்தையும் கவ்விப் பிடித்து, கிழிந்த துணியை ஒட்டுவதுபோல் சேர்த்தார்கள். ஐந்து கிளிப். ஐம்பது நிமிஷம். இதெல்லாம் உள்ளே இருந்த நர்ஸ் பிறகு சொன்னது. அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம், கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தவர் சர்ஜன் என்பதுதான். கையுறையைக்கூட மாட்டாமல் வந்தார்.

"எனக்கு இன்னிக்கு இங்க வேல இல்ல" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்டை நோக்கி நடந்தார்.

ஒரு டாக்டர் வேலையில்லை என்று சொல்வதைக் கேட்டு அக்கா அத்தனை சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றுதான். மருமகனின் தோளில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

முழுசாகப் போய்விடவில்லை. "ரெண்டு மூணு நாள் பாக்கணும்" என்றார் டாக்டர். "வாய் வழியா ஒண்ணும் கெடையாது. டிரிப், ஊசி. காய்ச்சல் வரக்கூடாது, வயிறு கல்லாகக்கூடாது. தானா காத்துப் போச்சுன்னா கண்டத்தத் தாண்டிட்டாங்கன்னு அர்த்தம்." பிறகு அக்காவைத் தனியே கூப்பிட்டுத் திட்டினார். தாராளமாகத் திட்டினார். அக்கா வாங்கிக்கொண்டாள். கடைசியில், "மறைக்காம வந்து சொன்னீங்க பாருங்க, அதனாலதான் இன்னிக்கு அஞ்சு கிளிப்போட முடிஞ்சுது" என்றார்.

தலைமை நர்ஸ் சும்மா விடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னார். "உறவு என்பதால் கூச்சப்பட்டு வெளியே நின்றேன். காதால் கேளாமல் டிக் போட்டேன்" என்று அக்கா தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்றே பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒரு புது விதி ஒட்டப்பட்டது: நோயாளி சொந்தக்காரர் என்றால், காற்றுக் கட்டத்தில் வேறொருவர்தான் டிக் போடவேண்டும், அவரும் சொந்தமில்லாத ஒருவர் காதால் கேட்டாரா என்று விசாரித்துத்தான் போடவேண்டும்.

புதன் போயிற்று. காய்ச்சல் இல்லை, காற்றும் இல்லை. வியாழக்கிழமை காலை வயிறு இளகியிருந்தது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் உள்ளே குடல் முனகுவது கேட்கிறது என்றார் டாக்டர். அக்கா ஓய்வறையில் லீவு சொல்லிவிட்டு, வார்டில் ஒரு ஸ்டூலைத் தேடிப் பிடித்துக் கட்டிலோரம் போட்டாள். மகளும் மருமகனும் ஜன்னல் பக்கம் நின்றார்கள். திரைக்கு அந்தப்புறம் பித்தப்பைக் கல்லுக்கு வந்த லாரி டிரைவர் ஒருவர் படுத்திருந்தார்.

"சம்பந்தி, நீங்க வெளியில போய் இருங்களேன்" என்றார் நூலகர் அம்மாள், சன்னமாக.

"ஒருதடவ போய்ப் பட்டது போதும். நான் அசையமாட்டேன். முதுகத் திருப்பிக்கறேன், நீங்க இடது பக்கம் சாஞ்சுக்கங்க. முழங்கால இழுத்துக்கங்க."

துண்டுக்கு எங்கே போவது? வார்டு அலமாரியிலிருந்து தலையணை உறைகளை எடுத்துவந்து மடிக்க ஆரம்பித்தாள்.

"முப்பத்தொரு வருஷம்" என்றார் அம்மாள் சுவரைப் பார்த்தபடி. "நாற்காலி இழுக்கற சத்தம் கேட்டாலே நிமிந்து பாப்பேன். என் வயித்துல எப்பவாவது கடமுடன்னா, புஸ்தகத்த வேணும்னே கீழ போட்டு அந்தச் சத்தத்துல மறைச்சிருக்கேன். யாருக்கும் தெரியாது."

"இங்க புஸ்தகம் இல்ல, சம்பந்தி" என்றாள் அக்கா.

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வயிறு குலுங்கும். வயிறு குலுங்கினால் நடக்கவேண்டியது நடக்கும். நடந்தது. மெல்லியதாகத் தொடங்கி, தயங்கி, பிறகு தயக்கத்தையெல்லாம் விட்டுவிட்டு நீளமாக, வார்டு முழுக்கக் கேட்கும்படி நடந்தது. மருமகன் மின்விசிறியைப் பார்த்தான். மகள் முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

அக்கா திரும்பவில்லை. மடித்த உறை மடியிலேயே கிடந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் அதன்மேல் விழுந்தது. பழக்கதோஷத்தில் கை பேனாவைத் தேடியது. விதி ஞாபகம் வந்து, தலைமை நர்ஸைக் கூப்பிட்டாள்.

தலைமை நர்ஸ் பதிவேட்டோடு வந்தார். "சொந்தக்காரங்க சொன்னா செல்லாது. வேற யாரு கேட்டது?"

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் சொந்தக்காரர்கள்.

"நான் கேட்டேன் சிஸ்டர்" என்றது திரைக்கு அந்தப்புறத்துக் குரல். "மணி பத்து நாப்பது. எங்க வேணா வந்து சாட்சி சொல்றேன். நல்ல சத்தம்."

மகளால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. மாமியார் முன்னால் அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. மாமியாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதீங்க, கிளிப் போட்டிருக்கு" என்று சிரித்தார். தலைமை நர்ஸ் முகத்தை மாற்றாமல் டிக் போட்டார். டாக்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "தண்ணி குடுக்கலாம், ஸ்பூன் ஸ்பூனா" என்றார். அறுத்தெடுத்த கட்டி நல்ல கட்டிதான் என்ற ரிப்போர்ட்டும் அன்றைக்கே வந்து சேர்ந்தது.

முதல் ஸ்பூன் தண்ணீரை அக்காதான் வாயில் விட்டாள். அடுத்த ஸ்பூனுக்குள் போன் அடித்தது. அம்மாளின் அக்காள், ஊரிலிருந்து. போனைக் காதில் வைத்துக்கொண்டு அம்மாள் நலம் சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் பெரிய இடத்தில் இருக்கும் சம்பந்தி உதவியாக இருந்தாரா என்று.

அம்மாள் ஸ்பூனும் கையுமாக உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார்.

"நிர்வாகத்துல எல்லாம் இல்லக்கா, நான் சொன்னது பொய்" என்றார். நூலகம் முழுக்கக் கேட்கும் குரலில், இதுவரை யாரும் அவரிடம் கேட்டிராத குரலில் சொன்னார். "எங்க சம்பந்தி ஓய்வறையில இருக்காங்க. நோயாளிக்குக் காத்துப் பிரியுதான்னு காது குடுத்துக் கேக்கற வேல. அவங்க கேக்கலன்னா இன்னிக்கு நான் உங்கிட்டப் பேசிட்டு இருக்கமாட்டேன்."

சொல்லிவிட்டு, அடுத்த ஸ்பூனுக்காக வாயைத் திறந்தார்.